கேட்காமல் தொடாத மனுசன்

கருப்பட்டி மச்சான், இந்தப் பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிட கடைசியில நான் ஒருத்திதான் இருந்தேன். அந்தத் தைரியத்துலதான் இதை எழுதுறேன். இந்தப் பேரை வச்சு உங்களை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் பக்கத்துல கதை படிக்கிற எல்லாருக்கும் வணக்கம். 'மானாவாரி'ங்கிற பேர்ல உங்களுக்கு ஞாயித்துக்கிழமை தவறாம கதை எழுதினவர் இறந்துட்டார். நான் அவருக்கு மாமன் மகள். ஏழாவது வரைக்கும் படிச்சவள். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. கதையைப் போடுறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை படிக்கணும்னு என் செல்லுலயும் இந்தக் கணக்கை அவரே திறந்து வச்சிருந்தார். இத்தனை வருசத்துல நான் இதுல ஒரு எழுத்துகூட போட்டதில்ல. அவர் போனதைச் சொல்லத்தான் முதல்தடவையா எழுத வேண்டியிருக்கு.

பந்தல்குடிக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடி ரோட்டோரத்துல எங்களுக்கு ஒரு டீக்கடை. செய்தி வந்தப்ப நான் வடை போட்டுக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் போனை எடுத்தார். "யாரு? எங்க வச்சு?"ன்னு கேட்டார். அப்புறம் வந்து அடுப்பை அணைச்சார். லாரிக்காரங்க டீக்கு நிக்கிற நேரத்துல அவர் அடுப்பை அணைச்சு நான் பார்த்ததே இல்ல.

"ஒங்க மச்சான் திருச்சுழிப் பக்கம் வண்டிய ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்குல தலையச் சாச்சிருக்காக. தூங்குறாகன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்களாம்"னார்.

"எந்திரிச்சிட்டாகளா?"ன்னு கேட்டேன்.

எண்ணெயில கிடந்த வடை அப்படியே ஊறிக்கிட்டு கிடந்துச்சு.

எனக்கு உடனே அழுகை வரல. சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் போன் போட்டுச் சொல்லிருவாங்க. ஆனா இன்னொருத்தர் இருக்கார். அவருக்கு யார் சொல்லுவா? அவர் மச்சானுக்கு யாருன்னு எங்க ஊர்ல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஒண்ணுதான் என் மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைப் பத்திப் பின்னால சொல்றேன். மச்சான் எப்படிப்பட்ட மனுசன்னு முதல்ல சொல்லிடுறேன். அது தெரிஞ்சாத்தான் நான் இப்ப எதுக்குத் தவிக்கிறேன்னு புரியும்.

எனக்குக் காது குத்தினப்ப அத்தை வீட்டுச் சீர்த்தட்டுல இருந்த கருப்பட்டியை மச்சான் எடுத்து வாயில அடக்கிக்கிட்டாராம். அப்ப அவர் சின்னப்பிள்ளை. யார் கேட்டும் வாயைத் திறக்கல, சட்டையெல்லாம் கறுப்பா வழிஞ்சிருக்கு. "தட்டுல கை வச்சுட்டான்ல, இவனுக்கே பிள்ளையக் குடுத்துருங்க"ன்னு யாரோ சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க. அந்தச் சிரிப்பே நாளாவட்டத்துல முடிவாயிடுச்சு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லருந்து நான் அத்தை மகனுக்குன்னு ஆனவ. என்னை ஒருத்தரும் கேக்கல. இதுல கேக்க என்ன இருக்குன்னுதான் நானும் நெனச்சிருந்தேன்.

பரிசம் போட நாள் பார்த்தாச்சு. எங்க பக்கம் பரிசத்தன்னைக்குச் சேலை வச்ச தட்டைப் பொண்ணு கையில குடுப்பாங்க. அவ வாங்கிட்டா சம்மதம்னு அர்த்தம். வாங்காம இருந்த பொண்ணு ஒருத்தியையும் நான் பார்த்ததில்ல. அதுக்கு முந்தின வாரம் நான் காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டிருந்தேன். மச்சான் வரப்பு மேல வந்து நின்னார்.

"ஏ புள்ள, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மச்சான்."

"என்னையக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா?"

"இதைப் போயி எங்கிட்ட கேக்குறீக? எங்கப்பாகிட்ட கேளுங்க."

"ஒங்கப்பனையா நான் கட்டப்போறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மடியில பருத்தியோட தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவர் போகல.

"இப்படித் தலையக் குனிஞ்சா எனக்கு ஒண்ணும் வெளங்காது புள்ள. காத்தடிச்சாப் பருத்திச் செடியுந்தான் குனியுது. வாயத் தொறந்து சொல்லு."

ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்குத் தெரியல மச்சான்"னு சொன்னேன். உண்மையாவே தெரியல. அப்படி ஒரு கேள்வியை நான் அதுக்கு முன்னால கேட்டதே இல்ல.

"தெரியலன்னா தெரியலதான். அதைச் சரின்னு நான் எடுத்துக்கிட மாட்டேன்"னார். அப்புறம் வரப்புல உக்காந்துக்கிட்டு, என் முகத்தைப் பார்க்காம, மண்ணாங்கட்டியை நசுக்கிக்கிட்டே சொன்னார். "எனக்குப் பொம்பளைப் பிள்ளைக மேல மனசு போகல புள்ள. ஆம்பள மேலதான் போகுது. சின்னதுலருந்தே அப்படித்தான். இது தெரியாம நீ அந்தத் தட்ட வாங்கிறக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

"டாக்டரைப் பாத்தீகளா?"ன்னு கேட்டேன்.

"போன மாசம் பாத்தேன். பல்லு வலிக்கு"ன்னார்.

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்ப அவர் கண்ணு நனைஞ்சிருந்துச்சு.

கல்யாணமே வேணாம்னு அவரே வீட்டுல சொல்லி, பழியை எல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டார். எங்கப்பா "எம் மகளை வேணாங்கிறானா"ன்னு அத்தை வீட்டுப் படியை மிதிக்காம வருசக்கணக்கா இருந்தார். திருப்பூர்ல மச்சானுக்கு ஒரு குடும்பம் இருக்குன்னு ஊர்ல கதை கட்டுனாங்க. அவர் எதுக்கும் பதில் பேசல. உண்மை தெரிஞ்ச நானும் வாயைத் திறக்க முடியல. திறந்தா அவருக்குத்தான் கேடு. மறு வருசம் எனக்கு வேற இடத்துல பரிசம் போட்டாங்க. தட்டைக் கையில வச்சாங்க. நான் வாங்கிக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் நல்ல மனுசர். ரோட்டோரக் கடையில மச்சானை அவர் எப்பவும் அந்நியமா நடத்தினதில்ல. மச்சான் குட்டி யானை வண்டி ஒண்ணு வாங்கி, திருச்சுழிப் பக்கத்துக் கரி மூட்டை, கொத்தமல்லி, பருத்தின்னு லோடு அடிக்க ஆரம்பிச்சிருந்தார். தூத்துக்குடிக்குப் போகையிலும் வரையிலும் எங்க கடையிலதான் நிப்பார். சட்டையெல்லாம் கரியா இருக்கும். "ஒங்க மச்சான் வந்துட்டாக, சீனி கூடப் போடு"ன்னு எங்க வீட்டுக்காரர் சத்தம் குடுப்பார். மச்சான் வண்டிக்குள்ளயே உக்காந்து செல்லை வாய்கிட்ட வச்சு ஏதாவது பேசிக்கிட்டிருப்பார். நடுவுல சிரிப்பார், கொஞ்சம் வெட்கப்படுவார். "யாரோ ஒருத்தி இருக்கா, நீ வேணா பாரு"ன்னு எங்க வீட்டுக்காரர் என்கிட்ட குசுகுசுன்னு சொல்லுவார்.

ஒருத்தியும் இல்ல. அவர் உங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தார். வாயால சொன்னா அந்தச் செல்லு எழுத்தாக்கிடும். அப்படித்தான் அவர் எல்லாக் கதையும் எழுதினார், கரி மூட்டைக்கு முன்னால உக்காந்து.

முதல் கதையை எனக்குக் கடைக்குப் பின்னால வேப்பமரத்தடிப் பெஞ்சுல வச்சுத்தான் படிச்சுக் காட்டினார். ரெண்டு ஆம்பளைக. ஒருத்தர் பருத்தி ஆலையில பஞ்சுப் பொதி கட்டுறவர், இன்னொருத்தர் லாரியில ஏத்துறவர். கம்பி கிழிச்சு ஒருத்தர் கையில ரத்தம் வருது. மத்தவர் பக்கத்துல வந்து, "நான் பார்க்கலாமா?"ன்னு கேக்குறார். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. யாராவது கேட்டுடுவாங்களோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அவர் செல்லை மடியில வச்சதும், "பெறகு? கையக் குடுத்தானா இல்லையா?"ன்னு நான் கேட்டுட்டேன்.

"அடுத்த வாரம்"னார்.

"போங்க மச்சான், வடை கிடையாது ஒங்களுக்கு."

அதுதான் அவர் எழுதுற விதம். ஒருத்தர் கேக்குற இடத்துல நிறுத்துவார். பதிலை அடுத்த ஞாயித்துக்கிழமைதான் சொல்லுவார். நீங்க எல்லாரும் கீழ வந்து திட்டுவீங்க. அதை எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டு குழந்தை மாதிரி சிரிப்பார்.

'இவங்க கெமிஸ்ட்ரி அருமை'ன்னு நிறையப் பேர் போட்டிருந்தீங்க. அப்படின்னா என்னன்னு கேட்டேன். "ரெண்டு பேரு சும்மா பக்கத்துல நிக்கையில, அங்க மட்டும் காத்து வேற மாதிரி ஆகுதுல்ல புள்ள, அது"ன்னார். எனக்கு அப்படி ஒரு காத்து பழக்கமில்ல. சரின்னு தலையாட்டி வச்சேன்.

ஒருதடவை ஒருத்தர் எழுதியிருந்தார். எப்பப் பார்த்தாலும் 'தொடலாமா, பிடிக்கலாமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா காதல் எங்க வரும்? ஆம்பளைன்னா இழுத்து அணைக்கணும், அதுலதான் கிக்கு இருக்குன்னு. வேற சில பேரும் அதையே சொன்னாங்க. மத்தவங்க எழுதுற கதையில அப்படித்தான் வருதாம். முதல்ல திமிறுவானாம், அப்புறம் அடங்கிடுவானாம், அதுதான் காதலாம். மச்சான் அன்னைக்கு டீயை ஆற விட்டுட்டார்.

"நீ சொல்லு புள்ள. கேட்டா கெட்டுப்போகுமா?"

"எனக்கென்ன தெரியும்? என்னைய யாரு கேட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாச் சொன்னார். "கேட்டுட்டு நிக்கிற அந்த நேரந்தான் புள்ள கதையே. கேட்டவனுக்கும் பதில் தெரியாது, கேக்கப்பட்டவனுக்கும் தெரியாது. ரெண்டு பேரு நெஞ்சும் அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதைவிட ஒட்டுதல் வேற எங்க இருக்கு? இழுத்துப் பிடிக்கிறவன் அந்த நேரத்தையே தின்னுடுறானே."

அவரும் ஒருதடவை தடுக்கி விழுந்தார். தோட்டத்துக்காரர் ஒருத்தருக்கும் அவர்கிட்ட வேலை பார்க்கிற டிராக்டர் டிரைவருக்கும் கதை எழுதினார். தோட்டத்துக்காரர் நல்லவர், மரியாதையாக் கேக்குறார், டிரைவர் சரிங்கிறார். எழுதி முடிச்சுட்டு, "எப்படி?"ன்னார், பெருமையா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு ஏதோ உறுத்துச்சு, அது என்னன்னு சொல்லத் தெரியல. "வடையில உப்புக் குறைஞ்சா நான் சொல்றேன்ல, அது மாதிரி சொல்லு"ன்னார். "கூலி குடுக்குற ஆளு கேட்டா, அவன் எப்படி மச்சான் மாட்டேங்கிறது?"ன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். கோவமோன்னு நெனச்சேன். அந்த ஒரு வாரம் மட்டுந்தான் உங்களுக்குக் கதை வரல. அடுத்த வாரம் வந்தப்ப டிரைவர் அந்த வேலையை விட்டுட்டு ரெட்டியபட்டியில ஷேர் ஆட்டோ ஓட்டிக்கிட்டிருந்தான். தோட்டத்துக்காரர் அந்த ஆட்டோவுல ஏறி, மத்த சனங்களோட நெருக்கிக்கிட்டு உக்காந்து, இறங்குற இடத்துல வச்சுத் திரும்பவும் முதல்லருந்து கேட்டார். அவன், "யோசிச்சுச் சொல்றேன்"னான். நீங்க பலபேரு அந்த ஆட்டோ அத்தியாயத்தை இன்னைக்கு வரைக்கும் சொல்றீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். சொல்ல வெட்கமா இருக்கு. அவர் கதை எங்கெங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு அவருக்கே முழுசாத் தெரியாது, அதனால சொல்றேன். எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லன்னு சொன்னேன்ல. ஆனா கேக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. மாட்டேன்னு சொல்லலாம்னு எனக்கும் யாரும் சொல்லல. அந்தக் கதையெல்லாம் கேட்டு ரொம்ப நாள் கழிச்சு, ஒருநாள் நான், "இன்னைக்கு வேணாங்க"ன்னு சொன்னேன். அவர், "சரி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டார். அவ்வளவுதானா, இவ்வளவுதானா இத்தனை வருசமும்னு நான் கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். இதை மச்சான்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். கூச்சப்பட்டுக்கிட்டுத் தள்ளிப் போட்டேன். இனிமே எங்க சொல்ல?

இப்ப அந்த இன்னொருத்தரைப் பத்தி. அவரைக் காரியாபட்டித் தம்பின்னு சொல்றேன். அது அவர் ஊர் இல்ல. "என்னையப் பத்தி எழுதுங்கக்கா, ஊரை மட்டும் மாத்திடுங்க"ன்னார். கேட்டுட்டுத்தான் எழுதுறேன். டிங்கரிங் பட்டறை வச்சிருக்கார். வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போறவுக. மச்சான் வண்டியில பின் கதவு நசுங்கினப்ப சரி பண்ணப் போய்ப் பழக்கம். அப்புறம் அந்த வண்டிக்கு ஏதாவது ஒண்ணு ஆகிக்கிட்டே இருந்துச்சு. "அதே கதவு எத்தனை தடவைதான் நசுங்கும்?"னு எங்க வீட்டுக்காரர்கூட கேட்டார்.

அவரை ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தார். ரெண்டு பேரும் வேப்பமரத்தடிப் பெஞ்சுல உக்காந்தாங்க. நடுவுல இன்னொரு ஆள் தாராளமா உக்காரலாம். ஆனா அந்த இடம் காலியா இருக்கிற மாதிரியே இல்ல. டீயைக் கொண்டுபோய் வைக்கிறப்ப எனக்கு அதுக்குள்ள கை நீட்டவே கூச்சமா இருந்துச்சு. மச்சான் சொன்ன காத்து இதுதான் போலன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

தம்பி போனப்புறம், "கேட்டீகளா?"ன்னு மச்சானைக் கேட்டேன்.

"இன்னும் இல்ல."

"கதையில மட்டும் வாராவாரம் கேக்க வைக்கிறீக?"

"கதையில இல்லன்னு சொன்னா அடுத்த அத்தியாயம் எழுதிக்கிடலாம். இவரு இல்லன்னு சொல்லிட்டா டீ குடிக்கவும் வர மாட்டாரே புள்ள."

வருசம் போச்சு. டீதான் குடிச்சாங்க. ஒரு நாள் நல்ல மழை. எங்க பக்கம் அப்படி மழை பெய்யறதே அபூர்வம். நனைஞ்சுக்கிட்டே வண்டியிலருந்து குதிச்சு ஓடி வந்தார்.

"கேட்டுட்டேன் புள்ள."

"என்ன சொன்னாக?"

"'இதக் கேக்கவா இத்தனை நாளு அந்தக் கதவ ஒடச்சீக'ன்னாரு."

அன்னைக்கு அவர் முகம் இருந்த மாதிரி அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நான் பார்த்ததில்ல. இருக்கிற வடையை எல்லாம் அவருக்கே எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்காரர், "என்ன விசேசம்?"னார். "மழைதான்"னு சொன்னோம்.

வெளிய தெரிஞ்சுடக் கூடாதுன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் பயம் இருந்துச்சு. "எனக்குன்னா பரவால்ல, அவருக்குப் பட்டறை இருக்கு, கூடப்பொறந்தவுக இருக்காக"ன்னு சொல்லுவார். நாலு பேர் முன்னால ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுகூட நான் பார்த்ததில்ல. ஊர்ல எல்லாக் கூட்டாளிகளும் கை போட்டுக்கிட்டுத்தான் திரியுறாங்க. இவுக மட்டும் தள்ளித் தள்ளி உக்காருவாங்க.

அந்தச் செய்தி வந்த காலையில தம்பிக்கு நான்தான் போன் போட்டேன். சொன்னேன். பட்டறையில இரும்பைத் தட்டுற சத்தம் மட்டும் தூரத்துல கேட்டுச்சு. "எப்பக்கா எடுக்குறாங்க?"ன்னார். வேற ஒண்ணும் கேக்கல.

ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடிச்சு மச்சானை வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. தம்பி வந்துட்டார். கையில ஒரு மாலை. மச்சானோட வண்டி வேலியோரம் நின்னுச்சு. அந்தப் பின் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டார். யாரும் அவரைக் கவனிக்கல. அழறதுக்குக்கூட அங்க ஒரு முறை வேணும். அம்மாவா, தங்கச்சியா, மாமன் மகளான்னு. என்ன முறைன்னு சொல்ல முடியாதவர் எப்படி அழுவார்? கண்ணு மட்டும் சிவந்துபோய் நின்னார்.

எங்க பக்கம் எடுக்கிறதுக்கு முன்னால குளிப்பாட்டுவாங்க. அதுக்கு முந்தி சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து இறந்தவங்க தலையில எண்ணெயும் சீயக்காயும் வைக்கணும். புறங்கையாலதான் வைக்கணும். உள்ளங்கையால உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் வைப்பாங்க. என் சித்தப்பா முன்னால நின்னு முறைப்படி கூப்பிட்டுக்கிட்டிருந்தார். "பங்காளி வீடு ஆச்சா? மாமன் மச்சினன்மாரு வாங்கப்பா."

தம்பி பொம்பளைக உக்காந்திருந்த பக்கம் வந்து, என் பக்கத்துல குனிஞ்சார். "அக்கா, நானும் ஒரு தடவை வைக்கலாமா? அவுக இருந்தா அவுககிட்டயே கேட்டிருப்பேன்."

மச்சானுக்குப் பதிலா நான் எப்படிச் சொல்லுவேன்? நாலு பேர் முன்னால தோள்ல கை போடாத மனுசன். ஊரே பார்க்கத் தலையில தொட ஒத்துக்கிடுவாரா? இல்ல, இப்பவும் தொடலன்னா பெறகு எப்பன்னு நெனப்பாரா? மனசு ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. கடைசியில எந்திரிச்சு, "சித்தப்பா, இவுக மச்சானுக்கு வேண்டப்பட்டவுக. ஒரு கை வைக்கட்டும்"னேன்.

"தம்பி என்ன முறை?"

தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான்தான், "கூட்டாளி"ன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.

"கூட்டாளியெல்லாம் எண்ணெய் வைக்கிறதில்லத்தா. தம்பி, மாலையக் கால்மாட்டுல வச்சிட்டு அங்கிட்டு நில்லுங்கய்யா." சித்தப்பா கோவமாச் சொல்லல. தன்மையாத்தான் சொன்னார். அதனாலயே என்னால எதுத்துப் பேச முடியல. தம்பி மாலையைக் கால்மாட்டுல வச்சார். பாதத்துல விரல் படாம, பார்த்து வச்சார். திரும்பவும் போய் அந்தக் கதவுகிட்ட நின்னுக்கிட்டார்.

எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு என்னை வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரச் சொன்னாங்க. கிண்ணத்துல ஊத்திக்கிட்டு நேரா வரல. வேலியோரமா சுத்தி வந்தேன். வண்டி மறைப்புல நின்னு, என் வலது உள்ளங்கையில கொஞ்சம் எண்ணெயை ஊத்தி, தம்பிகிட்ட நீட்டினேன். அவருக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் என் முகத்தைப் பார்த்து, "தொடலாமாக்கா?"ன்னார். என் கையைத் தொடத்தான் கேட்டார். "தொடுங்க தம்பி"ன்னேன். அவர் தன் உள்ளங்கையை என் உள்ளங்கை மேல வச்சு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வெல்டிங் பட்ட தழும்பெல்லாம் எனக்குத் தெரிஞ்சுச்சு. அப்புறம் எடுத்துக்கிட்டார்.

நான் அந்தக் கையை மூடாமப் பிடிச்சுக்கிட்டே வந்து மச்சான் தலைமாட்டுல உக்காந்தேன். "புறங்கையால வையித்தா"ன்னார் சித்தப்பா. நான் கேக்கல. உள்ளங்கையாலயே அவர் தலையில வச்சேன். முடியில இன்னும் கரி வாடை இருந்துச்சு. "பாவம், அவளுக்கு முறை தெரியல, கலங்கிப்போய் இருக்கா"ன்னு பின்னால யாரோ சொன்னாங்க.

அவர் கடைசியாப் போட்ட அத்தியாயத்துல மினி பஸ் டிரைவர் பஞ்சர் கடைக்காரர்கிட்ட, "உன் கையைப் பிடிச்சுக்கிடட்டுமா?"ன்னு கேட்ட இடத்துல நிறுத்தியிருந்தார். பஞ்சர் கடைக்காரர் என்ன சொன்னார்னு நீங்க தினமும் கீழ கேட்டுக்கிட்டிருக்கீங்க. எனக்குத் தெரியாது. போன வாரம் கடைக்கு வந்தப்ப நானும் கேட்டேன். "அவன் இன்னும் பதில் சொல்லல புள்ள. அவன் சொல்லாம நானா எப்படி எழுதுறது?"ன்னார். அவரே எழுதாததை நான் எழுத மாட்டேன். அவர் சொந்தப் பேரையும் போட மாட்டேன். போட்டோ கேப்பீங்க, அதுவும் மாட்டேன். கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாருன்னு நெனைக்கிறேன். ஒருவேளை போடுன்னும் சொல்லியிருப்பார். அதைத் தெரிஞ்சுக்கிட இனிமே வழி இல்ல. இந்தக் கையாலாகாத்தனத்தோடதான் நான் நாளைக்கும் வடை போடணும்.

காரியாபட்டித் தம்பி நேத்து கடைக்கு வந்தார். பெஞ்சுல அவர் எப்பவும் உக்காருற ஓரத்துலயே உக்காந்தார். நான் ரெண்டு டீ கொண்டுபோய் வச்சுட்டேன், பழக்கத்துல. ரெண்டு பேருமே அந்த இன்னொரு டீயை எடுக்கல. அது ஆடை படிஞ்சு ஆறிப்போற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தோம்.

போயிட்டு வாங்க மச்சான். உங்களுக்கு உள்ளங்கையால எண்ணெய் வச்சவ நான். ஆனா அது என் கை எண்ணெய் மட்டும் இல்ல, அவுக கையும் பட்ட எண்ணெய். நாலு பேர் பார்த்துக்கிட்டிருக்க, உங்களைக் கேக்காம வச்சேன். தலையக் குனிஞ்சா வெளங்காது, வாயத் தொறந்து சொல்லுன்னு நீங்கதான் பருத்திக் காட்டுல என்கிட்ட சொன்னீக. அன்னைக்கு நான் பேசாம நின்ன மாதிரி, எண்ணெய் வச்சப்ப நீங்க கிடந்தீக. பேசாம இருந்ததை நான் சரின்னு எடுத்துக்கிட மாட்டேன். அதனால இப்பக் கேக்குறேன்.

சம்மதமா, கருப்பட்டி மச்சான்?